நான்காம் லைன் குடித்த தண்ணீர்

ஷாலினி எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்ஜினியர். நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருப்பவள். ஆனாலும் லைனில் ஏதாவது புரியாவிட்டால் அவளுக்கு என் ஞாபகம் வந்துவிடும். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் ஒரு சென்சார், அதன் முதுகில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு. அந்தத் தகடு எதையும் தாங்கவில்லை, எதோடும் சேரவில்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

“பரமேஸ் அக்கா, எல்லா சென்சார்லயும் இது இருக்கு. எந்த டிராயிங்லயும் இல்ல. சப்ளையர்கிட்ட கேட்டா நாங்க வெக்கலன்றான். கழட்டிடவா?”

கழற்றினால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டாள். வாய்ஸ் மெசேஜில் சொல்லி முடிகிற கதையா அது! சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பா சுங்கை லாலாங் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். அவர் எடுத்த பாலில் நான் கையுறை செய்தேன். பால் எங்கள் குடும்பத்தை விட்டபாடில்லை. பள்ளி முடித்ததும் சுங்கைப்பட்டாணிக்கு வெளியே இருந்த இந்தத் தொழிற்சாலைக்கு வந்தேன். முதலில் கையுறை உருவும் வேலை, பிறகு ஓட்டை பார்க்கும் வேலை, பிறகு லைன் லீடர், கடைசியில் சூப்பர்வைசர். ஒவ்வொரு படியிலும் திட்டு வாங்கித்தான் ஏறினேன். அதை விவரித்தால் திட்டியவர்கள் எல்லாம் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுவோம்.

லைன் எப்படி ஓடும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான ஒரு சங்கிலி. அதில் வெள்ளைப் பீங்கான் கைகள் விரல் கீழே பார்க்க வரிசையாகத் தொங்கும். அவை ரப்பர் பாலில் முங்கி எழும், அடுப்பில் வேகும், சுடுதண்ணீர்த் தொட்டிகளில் அலசிக்கொள்ளும், மறுபடி காயும். சங்கிலியின் கடைசியில் பெண்கள் நின்று ஒவ்வொரு பீங்கான் கையிலிருந்தும் கையுறையை உருவி எடுப்பார்கள். சங்கிலி யாருக்காகவும் நிற்காது. மூக்கு அரித்தால்கூடப் பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால்தான் சொறிய முடியும்.

இதில் அலசுவதுதான் உயிர். பாலில் கலக்கும் மருந்தும் ரப்பர் பாலுக்கே உள்ள புரதமும் கையுறையில் தங்கிவிட்டால், போட்டுக்கொள்ளும் நர்ஸுக்குக் கை அரிக்கும், சிலருக்கு மூச்சே திணறும். அதனால் தண்ணீரைத் தாராளமாக விடுவது எங்களுக்கு வேதம் மாதிரி. ஷிப்ட் மாறும்போது, போகிறவர் குழாயை நன்றாகத் திறந்துவிட்டுப் போவது எங்களிடம் ஒரு மரியாதை. வருகிறவரிடம் கலங்கிய தொட்டியை ஒப்படைப்பது எச்சில் தட்டில் சோறு போடுவது போல என்று நினைத்தோம். வீட்டில் குழாயை மூடாத பிள்ளைகளை விரட்டி விரட்டித் திட்டுகிற நாங்கள்தான், தொழிற்சாலையில் சுடுதண்ணீரை ஆறாக ஓட விட்டோம். அந்தத் தண்ணீரைச் சூடாக்க பாய்லர், எண்ணெய்ப் பனையான செம்பனையின் கொட்டை ஓடுகளை லாரி லாரியாக எரித்துத் தின்றது. புகைபோக்கியைப் பார்த்தாலே எங்கள் தொழிற்சாலை எங்கே என்று மெர்போக்கில் இருந்தே சொல்லிவிடலாம்.

கோவிட் காலத்தில் உலகமே கையுறைக்கு அலைந்தது. அது அடங்கியதும் விலை சரிந்தது, அங்கங்கே லைன்களை மூட ஆரம்பித்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் மூடுவதற்கு முதலில் குறித்தது நான்காம் லைனை. பழைய லைன், மற்றவற்றைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், மற்றவற்றைவிட அதிகமாகச் சூடு கேட்கும், இன்னமும் கையால்தான் உருவ வேண்டும். அதில் நின்ற பெண்களுக்கு ஈப்போவைத் தாண்டி வெகு தூரத்தில் இருக்கும் இன்னொரு ஆலையில் இடம் தருகிறோம் என்றது தலைமையகம். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் போவது யார்? எல்லாரும் சுங்கை லாலாங், மெர்போக் பக்கம் குடும்பமாக இருப்பவர்கள்.

அஞ்சலை அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் லைனில் மூத்த கை அவர்தான். கணவருக்குச் சிறுநீரகம் போய், வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ். அந்த நாட்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்கா ஷிப்ட் வாங்குவார். மூடப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய அன்றைக்கு கேன்டீனில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பரமு, என்னைய ஈப்போவுக்குப் போவச் சொல்றாங்களே, இந்த மனுஷன மெஷின்ல யாரு கொண்டு போயி ஒக்கார வெப்பா? லைன் போச்சுன்னா நான் அவ்ளோதான்லா.”

ஆறிப்போன அவர் தேத்தண்ணீரை எடுத்துப் போய், சூடாக வேறு வாங்கி வந்து வைத்தேன்.

லைனைக் காப்பாற்றக் களத்தில் இறங்கியவர் என் மேலாளர், மிஸ்டர் ஞானம். முழுப் பெயர் ஞானசேகரம். அலோர் ஸ்டார் மெர்கோங்கில் வீடு, யாழ்ப்பாணத்து வழியில் வந்த கிறிஸ்தவக் குடும்பம். தினமும் ரயிலில் வருவார். அவர் பேசுகிற தமிழ் முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பாதிப் பேர் அவரைப் போலவே ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’ போட ஆரம்பித்துவிட்டோம்.

அவர் வேலை செய்கிற விதத்தை நான் அணு அணுவாகச் சொல்லுவேன். அத்தனை ஆசையாகப் பார்த்திருக்கிறேன். வந்ததும் அலுவலகத்துக்குள் நுழைய மாட்டார். பூட்ஸை மாட்டிக்கொண்டு நேராக லைனின் கடைசிக்குப் போவார். அங்கிருந்து ஆரம்பத்தை நோக்கி, சங்கிலிக்கு எதிர்த்திசையில் நடப்பார். அப்போதுதான் ஒவ்வொரு பீங்கான் கையும் தம்மை நோக்கி வரும், ஒன்றும் கண்ணுக்குத் தப்பாது என்பார். குழாய்களைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். அவர் பையில் ஒரு சில்வர் டம்ளர் இருக்கும். ஒவ்வொரு தொட்டியிலும் நீளப் பிடி வைத்த அகப்பையால் தண்ணீர் மொண்டு, டம்ளரில் ஊற்றி, விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, கீழே ஊற்றிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போவார். ஏதாவது கோளாறு என்றால் மற்ற மேலாளர்கள் முதலில் “யார் செஞ்சது?” என்று பாய்வார்கள். ஞானம் சார் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. “எப்ப?” என்பார். அவ்வளவுதான். யார் என்று கேட்டால் எல்லாரும் பொய் சொல்வார்கள், எப்போது என்று கேட்டால் உண்மை தானாக வந்து நிற்கும் என்பது அவர் கணக்கு.

அவர் தலைமையகத்திடம் கேட்டது ஒன்றுதான். தீபாவளி வரை நான்காம் லைனை விட்டு வையுங்கள், அதன் தண்ணீரையும் சூட்டையும் பாதியாகக் குறைத்துக் காட்டுகிறேன், முடியாவிட்டால் மூடிக்கொள்ளுங்கள் என்றார். அவர்களும் அப்போது ‘ஸ்மார்ட்’ தொழிற்சாலை என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரம். சரி, உங்கள் லைனிலேயே சோதனை செய்வோம் என்று சென்சார்களையும் அவற்றைப் பொருத்த ஹஃபிஸ் என்ற இளம் இன்ஜினியரையும் அனுப்பினார்கள்.

ஹஃபிஸ் துடியான பிள்ளை. தொட்டிக்கு ஒரு சென்சார் வைத்தார். கறுப்பாக, வட்டமாக, மூஞ்சி மாதிரி இருக்கும். முன்பக்கம் இரண்டு சின்னக் கண்ணாடி. ஒன்று தண்ணீரின் மேல் வெளிச்சம் அடிக்கும். தண்ணீர் கலங்கியிருந்தால் அந்த வெளிச்சம் சிதறித் திரும்பி வரும், இன்னொரு கண்ணாடி அதைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளிவாக இருந்தால் வெளிச்சம் உள்ளே போய்விடும், திரும்பி வராது. திரும்பும் வெளிச்சம் ஓர் எல்லையைத் தாண்டினால் கம்ப்யூட்டர் குழாயைத் திறக்கும். தாண்டாவிட்டால் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது சுவரில் மாட்டிய பெரிய திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பெண்கள் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஆனால் இறங்க வேண்டிய ஸ்கோர் இறங்கவில்லை! தண்ணீர் ஏதோ கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். காரணம் அந்த எல்லை. தண்ணீர் எவ்வளவு கலங்கலாம் என்று யார் முடிவு செய்தது? ஹஃபிஸ் தேடித் தேடிப் பார்த்தார். வாங்குகிறவர்கள் கையுறை எப்படி இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள், தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. எந்தக் காலத்திலோ மெஷின் விற்றவர் சொன்ன அளவை நாங்கள் சாமி வாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஞானம் சார் எல்லையைத் தளர்த்திப் பார்க்கலாம் என்றார். உற்பத்தி மேலாளர் மிஸ்டர் லிம் மேசையைத் தட்டி மறுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கை வைத்து விளையாடுவீர்களா, ஒரு கப்பல் திரும்பி வந்தால் ஒரு லைன் என்ன, ஆலையையே மூட வேண்டியதுதான் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அனுமதி இல்லாமல் சோதனை இல்லை, சோதனை இல்லாமல் அனுமதி இல்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. மலாய்க்காரர்கள் சுண்டலுக்குச் சீக்கிரமே வந்து நிற்பார்கள். மிஸ்டர் லிம் பூசணிக்காய் உடைப்பார். ஞானம் சார் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். லைன் மட்டும் நிற்காது, பூஜை அதைச் சுற்றியே நடக்கும். அந்த வருஷம் எல்லார் வேண்டுதலும் ஒன்றுதான். அஞ்சலை அக்கா ஒரு கிண்ணம் சந்தனமும் குங்குமமுமாக நான்காம் லைன் முழுக்க நடந்தார். மோட்டாருக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒரு பொட்டு, குழாய்க்கு ஒரு பொட்டு, கம்ப்யூட்டர் மேசைக்கு ஒரு பொட்டு.

“புதுசா வந்துருக்குற புள்ளைங்களுக்கு வெக்காம வுட்டா எப்புடிலா?” என்று சொல்லிக்கொண்டே தொட்டிகள் பக்கம் போனதை நானும் கேட்டேன். கேட்டுச் சிரித்தேன்.

அன்று மதியமே திரையில் எண் இறங்கத் தொடங்கியது. சாயங்காலம் இன்னும் இறங்கியது. மறுநாள் நாங்கள் கனவில்கூடக் காணாத இடத்துக்குப் போய்விட்டது! பாதி இல்லை, அதற்கும் கீழே! பாய்லர்காரர் வந்து எனக்கு வேலையே இல்லையே என்றார். ஹஃபிஸ் குதித்தார். தலைமையகத்திலிருந்து வாழ்த்து வந்தது. மிஸ்டர் லிம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண்கள் கேன்டீனில் ஆடியே விட்டார்கள். அஞ்சலை அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, “ஆத்தா கண்ணத் தொறந்துட்டா பரமு” என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். நல்லது நடக்கும்போது யார் தோண்டிப் பார்ப்பார்கள்?

ஞானம் சார் தோண்டுவார். பூஜை முடிந்ததும் அவர் ஒரு கல்யாணத்துக்காக தைப்பிங் போயிருந்தார். திரும்பி வந்த காலையில் நான் ஓடிப் போய்த் திரையைக் காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

“எப்ப இருந்து, பரமேஸ்வரி?”

“ஆயுத பூஜை அன்னைக்கு மத்தியானத்திலேர்ந்து சார்.”

“அண்டைக்கு என்ன மாத்தினீங்கள்?”

“ஒண்ணும் மாத்தல சார். சாமிதான் கும்பிட்டோம்.”

“வாரும்” என்று கிளம்பினார்.

வழக்கம்போல் லைனின் கடைசியிலிருந்து நடந்தோம். தொட்டிக்கு வந்ததும் தண்ணீரை டம்ளரில் ஊற்றி விளக்குக்குக் கீழே பிடித்தார். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. திரையில் அதே தொட்டியின் தண்ணீர் ஊற்றுநீராய்த் தெளிந்திருப்பதாகக் காட்டியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி சென்சாரைப் பார்த்தோம். வெளிச்சத்தைப் பிடிக்கிற கண்ணாடியின் மேலேயே, கெட்டியாக, காய்ந்துபோய், அழகான ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். அடுத்த தொட்டியிலும் அப்படியே. கண் மறைந்துவிட்டது, திரும்பி வரும் வெளிச்சம் தெரியவில்லை. தெரியாததால் தண்ணீர் தெளிவு என்று நம்பி, கம்ப்யூட்டர் குழாயை இறுக்கிக்கொண்டே போயிருக்கிறது.

அத்தனை கொண்டாட்டமும் பொய். அதைவிடப் பெரிய பயம், அந்தக் கலங்கல் தண்ணீரில் அலசிய கையுறைகள் பெட்டி பெட்டியாகக் கிடங்கில் இருக்கின்றன. சிலவற்றைப் பினாங்குத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக கன்டெய்னர் வந்து நிற்கிறது.

லைனில் நின்ற அஞ்சலை அக்கா நாங்கள் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டார். அடுத்த பெண்ணிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“ஐயா, நான்தாங்கய்யா வெச்சேன். சத்தியமா தெரியாதுங்கய்யா. என்னால லைனு போயிருச்சா?”

“அம்மா, நான் ஆரெண்டு கேக்கேல்லையே” என்றார் ஞானம் சார். குரல் உயரவில்லை. “எப்ப வச்சனீங்கள்? தீபம் காட்ட முன்னமோ, பின்னமோ?”

“முன்னாலங்கய்யா. பூசணிக்கா ஒடச்சாங்கல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்ன.”

“நல்லது. அது காணும், வேறொண்டும் தேவையில்லை. நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ.”

அக்கா போனதும் அவர் என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தேன். தப்பைக் கண்டுபிடித்தவர் கண் இல்லை அது, தீபாவளிக்குப் பட்டாசு வாங்கிய பிள்ளையின் கண்!

“விளங்குதோ உமக்கு? நான் மன்றாடிக் கேட்டும் ஒருத்தரும் தராத சோதனை இது. தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக் கலங்கிக்கொண்டே போயிருக்கு, லைனும் ஓடியிருக்கு, ஒவ்வொரு பெட்டியிலயும் நேரம் அடிச்சிருக்கு. எந்தக் கலங்கல் வரைக்கும் கையுறை நல்லா இருந்ததெண்டு அந்தப் பெட்டியள்தான் சொல்லும். ஒரு பெட்டி வெளிய போகக் கூடாது. ஓடும்!”

ஓடினேன். அந்த வயதில் நான் அப்படி ஓடியதை என் பிள்ளைகள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் கன்டெய்னருக்குள் போய் வந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றேன். “காக் பரமேஸ் பைத்தியம் ஆயிட்டாங்க” என்று மலாய்க்கார டிரைவர் கத்தினார், காக் என்றால் மலாயில் அக்கா. ஏற்றியதையெல்லாம் இறக்க வைத்து, பூஜைக்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெட்டியிலும் ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள் ஒட்டினோம். ஒட்டுத்தாள் இருந்தால் பெட்டியை யாரும் தொடக்கூடாது.

மிஸ்டர் லிம் வந்தார், ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்தார். கன்டெய்னருக்கு யார் பதில் சொல்வது என்றார். ஞானம் சார் நான் சொல்கிறேன் என்றார். உங்கள் சோதனையால் வந்த வினை என்றார் லிம். ஓம், அதனால்தான் நிறுத்துகிறேன் என்றார் இவர். நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் மலாயில் சமாதானம் சொன்னேன். கடைசியில் லிம் ஒன்று சொன்னார்: “சரி, லேப் சொல்லட்டும். ஆனா மோசமா வந்தா, தீபாவளி வரைக்கும் இல்ல, நாளைக்கே லைன மூடுவேன்.”

இப்போது புரிகிறதா எங்கள் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று? எல்லாப் பெட்டியும் தவறினால் லைன் மறுநாளே போனதுதான்.

பெட்டிகளை நேர வாரியாக லேபில் அடுக்கினோம். பூஜைக்கு முன் செய்த ஒரு பெட்டி ஒப்பிட்டுப் பார்க்க, பிறகு அன்று மதியம், சாயங்காலம், மறுநாள் காலை என்று வரிசையாக. ஒவ்வொன்றிலிருந்தும் கையுறைகளை எடுத்து, துண்டாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, என்ன கரைந்து வருகிறது என்று அளக்க வேண்டும். அவசரப்படுத்த முடியாத வேலை. ஞானம் சார் லேப் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மெர்கோங்கிலிருந்து கொண்டுவந்த இடியப்பம் காய்ந்துபோயிற்று, தொடவில்லை. நானும் லைனுக்கும் லேபுக்குமாக நடந்தேன். லைனில் எல்லாரும் உருவிக்கொண்டே இருந்தார்கள். அஞ்சலை அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், இன்னும் இல்லை என்று.

முடிவுகள் வர ஆரம்பித்தன. பூஜை மதியப் பெட்டி தேறியது. சாயங்காலப் பெட்டி தேறியது. மறுநாள் காலை, சுத்தமாகத் தேறியது! எங்கள் பழைய எல்லையை எப்போதோ தாண்டிய தண்ணீர் அது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மறுநாள் மதியமும் தேறியது. சாயங்காலம் விளிம்பில் நின்றது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் தவறின.

“ஆ!” என்று ஞானம் சார் நாற்காலி சரிய எழுந்தார். “பாரும் பரமேஸ்வரி! இஞ்ச வரைக்கும் போகலாம், இதுக்கு அங்கால போகேலாது. இந்தக் கோட்டைத்தானே இவ்வளவு நாளும் தேடினம்!”

சென்சார் கண் மூடியிருந்ததே, தண்ணீர் எப்போது எவ்வளவு கலங்கியது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் சிரித்தார். சென்சாரின் கண்ணைத் துடைத்துவிட்டு, குழாயைத் திரையில் பதிவாகியிருந்த அதே அளவுக்கு இறுக்கி, தண்ணீரை மட்டும் மறுபடி அதே மாதிரி கலங்க விட்டு அளந்தோம். அந்த நேரத்தில் செய்த கையுறைகளைக் கணக்கில் சேர்க்காமல் அப்படியே ஒதுக்கினோம். தவறிய பெட்டிகளோடு சேர்த்து அவையும் அழிக்கப் போயின. நஷ்டம் நஷ்டம்தான், அதை யாரும் மறைக்கவில்லை.

பிறகு மிஸ்டர் லிம் தாமே வந்து எல்லையைத் தளர்த்தும் அனுமதியில் கையெழுத்துப் போட்டார், கையில் ஆதாரம் இருக்கும்போது அந்த மனிதர் பிடிவாதம் பிடிக்க மாட்டார். விளிம்புக்கு வெகு முன்னாலேயே புது எல்லையை வைத்தோம். கடைசித் தொட்டியில் வழிகிற ஓரளவு சுத்தமான தண்ணீரை வீணாக்காமல் முதல் தொட்டிக்குத் திருப்பினோம். முதல் தொட்டிக்கு வருகிற கையுறை எப்படியும் அழுக்குத்தானே, அதற்கு எதற்குப் புதுத் தண்ணீர்? அது ஏற்கெனவே சூடாக வேறு இருந்தது. அதனால் பாய்லருக்கும் வேலை குறைந்தது. லேப் ஒவ்வொரு ஷிப்டிலும் சோதித்தது, ஒரு பெட்டிகூடத் தவறவில்லை. புகைபோக்கியில் புகை மெலிந்தது. உண்மையான எண் திரையில் மெதுவாக இறங்கியது, பொய் எண் இறங்கியபோது இருந்த ஆட்டம் பாட்டம் இல்லாமல். பாதியைத் தொட்ட அன்று மட்டும் நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு துள்ளினேன்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் கோலாலம்பூரிலிருந்து தலைமையகத்தின் பெண் அதிகாரி ஒருவர் வந்தார். ஞானம் சார் ஒன்றையும் விடாமல் சொன்னார். சந்தனப் பொட்டு வைத்த சென்சாரின் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். அறையே சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

“இதைச் செய்தது எந்த ஊழியர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஞானம் சார், “நேரம் வேண்டுமானால் சொல்கிறேன் மேடம்” என்றார். அந்த அம்மாள் விடுவதாக இல்லை, மறுபடியும் பெயரைக் கேட்டார். அப்போது மேசைக்கு அந்தப் பக்கமிருந்து மிஸ்டர் லிம், “உற்பத்திப் பிரிவு செய்தது. என் பிரிவு. பூசணிக்காய் உடைத்ததே நான்தான்” என்றார். அவரை நான் அன்றைக்கு மன்னித்தேன், அதுவரை திட்டிய எல்லாவற்றுக்கும்.

இனிமேல் இயந்திரத்தில் யாரும் எதுவும் தடவக்கூடாது என்று ஒரு விதி போடலாம் என்றார் ஹஃபிஸ், பயத்தில். ஞானம் சார் ஒத்துக்கொள்ளவில்லை. “சனம் வைக்கத்தான் செய்யும். விதி போட்டால் ஒளிச்சு வைக்கும். வைக்க ஒரு இடம் குடுங்கோவன்” என்றார். ஒவ்வொரு சென்சாரின் முதுகிலும் ஒரு வட்டத் தகடு ஒட்டினோம். ஷாலினி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஒவ்வொரு பூஜைக்கும் பொட்டு அங்கே ஏறும், கண்ணாடி சுத்தமாக இருக்கும். கழற்றாதே.

அதிகாரி முடிவு சொல்லாமல் போய்விட்டார். முடிவு வந்தது இன்னொரு நாள், ஷிப்ட் நடுவில், தொலைபேசியில். ஞானம் சார் என்னிடம் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். “லைன் தப்பிட்டுது. மூடேல்லை. நீர் போய்ச் சொல்லும்” என்றார்.

நான் லைனுக்குப் போனேன். இரைச்சலில் ஒன்றும் கேட்காது, எல்லார் காதிலும் அடைப்பான். முதலில் நின்றவளின் காதருகே போய்க் கத்தினேன்: “லைன மூடல!” அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் கை நிற்கவில்லை, உருவிக்கொண்டே இருந்தது. சங்கிலி ஓடுகிறது, நிறுத்தினால் கையுறை தாண்டிவிடும். அவள் தலையை மட்டும் சாய்த்து அடுத்தவள் காதில் கத்தினாள். அவள் அதற்கடுத்தவளிடம். யாரும் இடத்தை விட்டு நகரவில்லை, யாரும் கை தட்டவில்லை. எல்லாக் கைகளும் உருவிக்கொண்டே இருக்க, அந்தச் செய்தி காது விட்டுக் காதாகப் போயிற்று. நான் அதோடு கூடவே பக்கத்தில் நடந்தேன். ஒவ்வொரு முகமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கடைசியில் நின்றது அஞ்சலை அக்கா. பக்கத்துப் பெண் சொன்னதைக் கேட்டுவிட்டு நேராகப் பார்த்தபடியே உருவிக்கொண்டிருந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் நிறைந்து வழிந்தது. பக்கத்தில் நின்றவளும் அழுதுகொண்டிருந்தாள், இடத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. நெருங்கிப் போனேன்.

“கை ரெண்டும் லைன்ல இருக்கு பரமு. கண்ண நீ தொடச்சி வுடு.”

என் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டேன்.